5000 ரூபாய்க்குள் பழைய கேமும் படமும்: எந்தப் பெட்டி வாங்கலாம்?

கேள்வி, 8 ஜூன் 2024

"வீட்டு டிவி சாதாரண எச்டி டிவி, ஸ்மார்ட் கிடையாது. 5000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. சின்ன வயதில் கேசட் செருகி ஆடிய கேம், கடையில் காசு கொடுத்து ஆடிய கேம், பிளேஸ்டேஷன் ஒன்று வரை ஓடினால் போதும். ஓடிடியும் பார்க்க வேண்டும், ஹார்ட் டிஸ்கில் இருக்கிற படங்களும் ஓட வேண்டும். ராஸ்பெரி பை (உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு) ஒன்று வாங்கினால் எல்லாம் அதிலேயே முடிந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?"

8 ஜூன் 2024, இரவு

கேமுக்கு ஆமாம். ஹார்ட் டிஸ்க் படத்துக்கும் ஆமாம். ஓடிடிக்கு இல்லை, அங்கேதான் எல்லாரும் மாட்டுகிறார்கள்.

நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஹாட்ஸ்டார் எல்லாம் படத்தைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. ஆண்ட்ராய்டில் அந்தப் பூட்டைத் திறப்பது வைட்வைன் என்கிற கூகுள் சரக்கு. அதில் எல்1, எல்3 என்று தரம் உண்டு. எல்1 என்றால் பூட்டுத் திறக்கிற வேலை சிப்புக்குள்ளேயே, நாம் எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் நடக்கிறது. எல்3 என்றால் வெறும் மென்பொருளில் நடக்கிறது. எல்3 மட்டும் இருக்கிற ஆண்ட்ராய்டுப் பெட்டிக்கு நெட்ஃபிளிக்ஸ் 480பி-க்கு (எச்டி-க்கும் கீழான தெளிவு) மேல் கொடுக்காது. பை-யில் குரோமியம் பிரவுசர் வழியாக வைட்வைன் ஓடும், ஆனால் அதுவும் எல்3தான். அதோடு சோபாவில் உட்கார்ந்து தொடையில் மவுஸ் வைத்து நகர்த்திப் படம் பார்ப்பது இரண்டு நாளைக்கு வேடிக்கையாக இருக்கும், மூன்றாம் நாள் வீட்டில் இருப்பவர்கள் ரிமோட் எங்கே என்று கேட்பார்கள்.

ஓடிடிக்காரன் ஒரு பெட்டியை நம்புவது அதை வாங்கியவர் உள்ளே கைவைக்க முடியாது என்பதால். பழைய கேம் ஓட்ட நாம் ஒரு பெட்டியை விரும்புவது உள்ளே கைவைக்க முடியும் என்பதால். இரண்டையும் ஒன்றில் எதிர்பார்த்தால் ஏதாவது ஒரு பக்கம் இடிக்கும்.

9 ஜூன் 2024, காலை

பை-யின் விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "35 டாலர் கம்ப்யூட்டர்" என்று 2012-ல் வந்தபோது பரவிய பேச்சு இன்னும் ஓயவில்லை. போர்டின் விலை மட்டும்தான் அது. அதற்குமேல் பவர் அடாப்டர், பெட்டி, வெப்பத்துக்கு ஹீட் சிங்க், மெமரி கார்டு. பை 4 என்றால் மைக்ரோ எச்டிஎம்ஐ வயர், ஜீரோ 2 டபிள்யூ என்றால் மினி எச்டிஎம்ஐ வயரும், யூஎஸ்பி கருவி மாட்ட ஒரு ஓடிஜி வயரும். எதுவும் உங்கள் மேஜை டிராயரில் இருக்காது. எல்லாம் சேர்ந்து போர்டின் விலைக்கு அருகில் இன்னொரு தொகை வந்துவிடும். அப்புறம் கேம்பேட்.

பவர் அடாப்டரில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் கேட்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. பழைய போன் சார்ஜரை மாட்டினால் திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் சின்னம் வரும், பை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "பை-யில் கேம் திக்குகிறது" என்று வருகிற புகாரில் பாதி சார்ஜர் புகார்தான்.

எந்த மாடல் எதற்கு? 2021-ல் 15 டாலருக்கு வந்த ஜீரோ 2 டபிள்யூ கேசட் காலத்துக் கேம்களுக்கும் பிளேஸ்டேஷன் ஒன்றில் பெரும்பாலானவற்றுக்கும் போதும், ஆனால் 512 எம்பி ராம் என்பதால் கோடி (படம் ஓட்டுகிற ஆப்) ஓட்டினால் மூச்சு வாங்கும். பை 3 (2016) பிளேஸ்டேஷன் ஒன்றைச் சிரமமில்லாமல் ஓட்டும், நின்டெண்டோ 64-ல் தடுமாறும். பை 4 (2019) அதற்கும் மேலே ட்ரீம்காஸ்ட், பிஎஸ்பி வரை நெருங்கிப் போகும், ஹெச்இவிசி (படக் கோப்பைச் சுருக்குகிற புதிய முறை) படங்களை 4கே-யில்கூட வன்பொருளிலேயே ஓட்டும். பை 5 உங்கள் தொகைக்குள் வராது, விட்டுவிடுங்கள். அதில் ஒரு விசித்திரம்: ஹெச்இவிசி-க்கு மட்டும் வன்பொருள் வைத்துவிட்டு, அதற்கு முந்தைய முறையான எச்.264-க்கு எடுத்துவிட்டார்கள். பிராசஸரே அதைத் தூக்கிப்போட்டு ஓட்டிவிடும் என்பதால் பார்க்கிறவருக்குத் தெரியாது.

9 ஜூன் 2024, மதியம்

கேட்டவர் எழுதுகிறார்: "அப்போ இரண்டு பெட்டி வாங்கச் சொல்கிறீர்களா?"

இரண்டு பெட்டி வேண்டும், ஆமாம். இரண்டையும் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்பது வீட்டில் ஏற்கெனவே என்ன கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. பரணைப் பாருங்கள் முதலில்.

10 ஜூன் 2024

கோவையில் இருந்து ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். "நான் ஆண்ட்ராய்டு டிவி ஸ்டிக்கில் ரெட்ரோஆர்க் போட்டு ஆடுகிறேன், நெட்ஃபிளிக்ஸும் அதிலேயே எச்டி-யில் வருகிறது, நீங்கள் என்ன கதை விடுகிறீர்கள்?"

நியாயமான சண்டை. ரெட்ரோஆர்க் என்பது பழைய கேம் கருவிகளைப் போலவே நடித்து அவற்றின் கேம்களை ஓட்டுகிற ஆப், எமுலேட்டர் என்பார்கள். கூகுள் சான்றிதழ் பெற்ற ஆண்ட்ராய்டு டிவி பெட்டி பூட்டியிருந்தாலும் பிளே ஸ்டோர் வழியாக ரெட்ரோஆர்க் போட விடுகிறது. ரெட்ரோஆர்க் ஓடிவிட்டால் அதற்குள் பழைய எட்டு பிட், பதினாறு பிட், பிளேஸ்டேஷன் ஒன்று எல்லாம் வந்துவிடும். கேட்டவருக்குத் தேவையானதும் அவ்வளவுதான். ஆகவே அவர் அளவில் ஒரே பெட்டி போதும் என்று வைத்துக்கொள்ளலாம். பிளேஸ்டேஷன் ஒன்றைத் தாண்டி ஆசை போகாது என்று அவர் சத்தியம் செய்தால். (எல்லாரும் செய்வார்கள். எல்லாரும் மீறுவார்கள்.)

ஸ்டிக்கில் இடிக்கிற இடங்கள் வேறு. பெயருக்கு 8 ஜிபி இருக்கும், சிஸ்டம் தின்றது போக ஐந்து ஜிபிக்குக் கீழே மிஞ்சும், அதில் ஓடிடி ஆப்கள் ஒவ்வொன்றும் வீங்கிக்கொண்டே போகும். பிளேஸ்டேஷன் டிஸ்க் ஒன்றே சில நூறு எம்பி. டிஸ்க் கோப்புகளை சிஎச்டி வடிவத்துக்குச் சுருக்கி வைத்தால் கொஞ்சம் தாங்கும். பென்டிரைவ் மாட்டலாம் என்றால் ஸ்டிக்கில் இருப்பது பவருக்கான ஒரே துளை, அதற்குப் பவரும் சேர்த்துக் கொடுக்கிற ஹப் வேண்டும். ஆகவே ஸ்டிக் வேண்டாம், தனி யூஎஸ்பி துளை வைத்த பெட்டியாகப் பாருங்கள், 2 ஜிபி ராம் இருக்கட்டும். சில டிடிஎச், பிராட்பேண்ட் நிறுவனங்கள் இணைப்போடு கொடுக்கிற பெட்டியே சான்றிதழ் பெற்ற ஆண்ட்ராய்டு டிவியாக இருக்கும். அதில் பிளே ஸ்டோர் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் செலவு கேம்பேட் மட்டும்தான்.

10 ஜூன் 2024, இரவு

சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்கிறார்கள். பிளே ஸ்டோர் அமைப்புகளுக்குள் "பற்றி" என்ற பக்கத்தில் பிளே புரொடெக்ட் சான்றிதழ் நிலை எழுதியிருக்கும். வாங்கும் முன்பே தெரிய வேண்டும் என்றால் சுலபக் குறி: திரையின் முகப்பு போனில் இருப்பதுபோல் இருந்து, மேலே ஒரு லாஞ்சர் (முகப்பை மாற்றிக்காட்டும் ஆப்) மட்டும் ஒட்டவைத்திருந்தால் அது ஆண்ட்ராய்டு டிவி இல்லை, டேப்லெட் ஆண்ட்ராய்டு.

13 ஜூன் 2024

நான் பயந்தது வந்தாயிற்று. கேட்டவர் ஒரு விளம்பரத்தைக் காட்டி "இது எப்படி?" என்கிறார். 8கே, ஆண்ட்ராய்டு 13, 8 ஜிபி ராம், 128 ஜிபி, விலை இரண்டாயிரத்துச் சில்லறை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 ஜிபி ராம் சிப்பும் 128 ஜிபி சேமிப்பும் தனியாக வாங்கினாலே அந்த விலையைத் தாண்டும். உள்ளே பெரும்பாலும் ஆல்வின்னர் எச்313 அல்லது எச்616 சிப், ஒன்று இரண்டு ஜிபி ராம். செட்டிங்ஸில் 8 ஜிபி என்று காட்டும், ஏனென்றால் அப்படிக் காட்டும்படி ஃபர்ம்வேரில் (பெட்டியோடு வருகிற உள் மென்பொருள்) எழுதிவைத்திருக்கிறார்கள். ராம் அளக்கிற ஆப்களையே ஏமாற்றுகிற பெட்டிகள் உண்டு.

பொய்க் கணக்கு மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். 2023 ஜனவரியில் டேனியல் மிலிசிச் என்கிற கனடாக்காரர், டி95 என்ற பெட்டியை அமேசானில் வாங்கிப் பிரித்துப் பார்த்து, தொழிற்சாலையில் இருந்து வரும்போதே மால்வேர் ஏற்றி வந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அதிலும் எச்616 சிப்தான். அதே ஆண்டு அக்டோபரில் ஹ்யூமன் செக்யூரிட்டி என்ற நிறுவனம் பேட்பாக்ஸ் என்று பெயரிட்டு விரிவாக எழுதியது, 74,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டுக் கருவிகளில் இந்தத் தொற்று இருந்ததாக. உங்கள் வீட்டு இணைய இணைப்பு வழியாக யாரோ விளம்பர மோசடி செய்வார்கள், உங்கள் ஐபி முகவரி அடுத்தவன் கைக்கு வாடகைக்குப் போகும். ரீசெட் செய்தாலும் போகாது, சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

இப்படிப்பட்ட பெட்டியைத் தெரியாமல் வாங்கிவிட்டவர்கள், அதன் சிப் ஆம்லாஜிக் ஆக இருந்தால், மெமரி கார்டில் எமுஎலெக் என்கிற கேம் சிஸ்டத்தைப் போட்டுக் கேம் பெட்டியாக மாற்றிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு பக்கமே போக வேண்டாம். ஓடிடி அதில் கிடைக்காது. ஆல்வின்னர் என்றால் எனக்குத் தெரிந்து தலைவலிதான் மிச்சம்.

13 ஜூன் 2024, சற்று நேரம் கழித்து

"பத்தாயிரம் கேம், இரண்டு வயர்லெஸ் ரிமோட், 4கே ஸ்டிக்" என்பதைப் பற்றியும் கேட்டார்கள். அக்கா பையனுக்கு யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்திருந்தார்கள், ஒரு மாலை முழுக்க ஆடிப் பார்த்தேன். எச்டிஎம்ஐ-யில் செருகினால் உடனே ஓடுகிறது, குழந்தைகளுக்கு அது பெரிய வசதி. ஆனால் பத்தாயிரத்தில் ஒரே கேம் மூன்று நான்கு பெயரில் வருகிறது (90-களில் "9999 இன் 1" கேசட் வாங்கியவர்களுக்கு இந்த ஏமாற்றம் பழக்கம்தான்), குதிக்கிற பொத்தானை அழுத்தியதற்கும் அவன் குதிப்பதற்கும் நடுவில் ஒரு இடைவெளி, படம் அகலவாக்கில் இழுத்து எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்கள், சேவ் செய்தது அடுத்த நாள் காணவில்லை. பையன் எதையும் கண்டுகொள்ளவில்லை. எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

22 ஜூன் 2024

பரணைப் பாருங்கள் என்று சொன்னேன் அல்லவா, இரண்டு பேர் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். இருவர் வீட்டிலும் கிடைத்தது ஒன்றுதான்: அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011-ல் தொடங்கிய திட்டம், நம் ஊரில் எத்தனை வீட்டு அலமாரியில் அவை பேட்டரி செத்துக் கிடக்கின்றன. எந்த ஆண்டு கொடுத்தது என்பதைப் பொறுத்து உள்ளே இருப்பது மாறும், ஆனால் 64 பிட் பிராசஸரும் எச்டிஎம்ஐ துளையும் இருந்தால் பிளேஸ்டேஷன் ஒன்று வரை தாராளமாகப் போகும். பேட்டரி செத்தால் என்ன, திரை உடைந்தால் என்ன, டிவியில்தானே மாட்டப்போகிறோம்.

செய்ய வேண்டியது: ஒரு பென்டிரைவில் பட்டோசெரா என்கிற கேம் சிஸ்டத்தை எழுதுங்கள். லேப்டாப்பில் உள்ள விண்டோஸைத் தொடவே வேண்டாம், பென்டிரைவில் இருந்தே ஓடும், பிடுங்கிவிட்டால் பழைய லேப்டாப். அதற்குள்ளேயே கோடியும் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் படம், கேம் இரண்டும் முடிந்தது. ஓடிடிக்கு விண்டோஸில் பிரவுசரைத் திறந்தால் நெட்ஃபிளிக்ஸ் 480பி-யில் நிற்காது, அந்தக் கட்டுப்பாடு ஆண்ட்ராய்டு எல்3 பெட்டிகளுக்குத்தான், மேலே நான் எழுதியதைப் பொதுவாக எடுத்துக்கொண்டு குழம்பியவர்கள் கவனிக்க. 2 ஜிபி ராமில் இன்றைய விண்டோஸும் பிரவுசரும் ஓடுவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும், அது வேறு விஷயம்.

செலவு: பென்டிரைவ். கேம்பேட். வயர்.

22 ஜூன் 2024, இரவு

வீட்டில் எதுவும் இல்லாதவர்களுக்கு: ரிச்சி தெருவில் (சென்னையில் இல்லாதவர்கள் உங்கள் ஊர் பழைய கம்ப்யூட்டர் கடையில்) அலுவலகங்கள் கழித்துக்கட்டிய குட்டி டெஸ்க்டாப் கிடைக்கும். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ டைனி, எச்பி மினி. ஒரு தடித்த புத்தகத்தின் அளவு. 5000 ரூபாய்க்குள் என்றால் பழைய தலைமுறைதான் வரும், பேரம் பேசுங்கள். கடைக்காரர் "ஐ5 சார்" என்று மட்டும் சொல்வார். ஐ5 (இன்டெல் பிராசஸர் வரிசை ஒன்றின் பெயர்) என்பது எதையும் சொல்லாது, எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். நான்காம் தலைமுறையில் ஹெச்இவிசி-க்கு வன்பொருள் கிடையாது. ஆறில் எட்டு பிட் ஹெச்இவிசி உண்டு, ஏழில்தான் பத்து பிட்டும் சேர்ந்தது (இங்கே பிட் என்பது நிறத்தின் நுணுக்கம்). இப்போது இறக்குகிற நல்ல தரப் படங்கள் பல பத்து பிட் ஹெச்இவிசி என்பதால் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் இருக்கிற இந்தச் சின்ன வித்தியாசத்துக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். பெட்டியோடு அடாப்டரும் வருகிறதா என்று பாருங்கள், இந்த மாதிரிக் கருவிகளின் அடாப்டர் தனியாக வாங்கினால் உறுத்துகிற விலை. எனக்குக் கிடைத்த பெட்டியில் வைஃபை அட்டையைக் கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள், ஆன்டெனா வயர் மட்டும் அநாதையாகத் தொங்கியது.

இதன் குறை ரிமோட். பை-யில் எச்டிஎம்ஐ சிஇசி உண்டு, டிவி ரிமோட்டாலேயே கோடியை நகர்த்தலாம். இந்த இன்டெல் பெட்டிகளில் அது அநேகமாக இருக்காது. வீட்டில் அம்மாவும் பார்க்க வேண்டும் என்றால் இதை முதலில் யோசியுங்கள்.

7 ஜூலை 2024

கேட்டவர் முடிவுக்கு வந்துவிட்டார். பழைய லேப்டாப் அவருடைய மாமா வீட்டில் கிடைத்ததாம். கேமுக்கு அது, ஓடிடிக்குச் சான்றிதழ் உள்ள ஒரு ஸ்டிக். மொத்தம் 5000-க்கு உள்ளே. கோவைக்காரர் "ஸ்டிக்கே போதும் என்றேனே" என்று முணுமுணுக்கிறார்.

11 ஆகஸ்ட் 2024

இந்தக் கேள்வி-பதில் இழை ஆறிப்போகும் என்று நினைத்தால் கேட்டவர் ஒரு அழகான கேள்வியோடு திரும்பியிருக்கிறார்: "எல்லாம் ஓடுகிறது, ஆனால் சின்ன வயதில் சுலபமாக முடித்த கேமெல்லாம் இப்போது கை எட்டாத வேகத்தில் போகிறது. பாட்டும் வேகமாக இருக்கிறது. வயதாகிவிட்டதா, எமுலேட்டர் கோளாறா?"

வயதும் ஆகியிருக்கும். ஆனால் அவர் காது பொய் சொல்லவில்லை. நாம் கேசட் செருகி ஆடியது ஜப்பானின் ஃபேமிகாம் (1983) கருவியின் நகல்கள். அசல் கருவி நொடிக்கு 60 முறை படம் வரைகிற டிவிக்கானது. நம் நாட்டு டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50. பால் டிவிக்கென்று தைவான் சிப்புகளை வைத்துச் செய்த நகல் கருவிகள் 60-க்கு எழுதிய கேமை அப்படியே 50-ல் ஓட்டின. கேம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி நகரும்படி எழுதப்பட்டது, ஆகவே ஆறடி போக வேண்டிய நேரத்தில் ஐந்தடிதான் போகும். இசையும் அப்படியே இழுபடும். நம் தலைமுறை அந்த கேம்களை ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஆடி வளர்ந்தது. இப்போது எமுலேட்டர் ஜப்பான் வேகத்தில் ஓட்டுகிறது.

சரிசெய்ய வழி இருக்கிறது. ரெட்ரோஆர்க்கில் எஃப்சிஇயூஎம்எம் அல்லது நெஸ்டோபியா கோர் (ஒரு கேம் கருவியை நடிக்கிற துணைப் பகுதி) போட்டு, அதன் விருப்பங்களில் வட்டாரம் என்ற இடத்தில் டெண்டி என்று வையுங்கள். டெண்டி என்பது ரஷ்யாவில் விற்ற இதே மாதிரி நகல் கருவி, நம் ஊர்ச் சரக்குக்குச் சித்தப்பா பிள்ளை முறை. பால் என்று வைக்காதீர்கள், அது ஐரோப்பாவில் அதிகாரப்பூர்வமாக விற்ற கருவி, உள் நேரக்கணக்கு வேறு, சில கேம்களில் படம் நடுங்கும்.

டெண்டி வைத்தபின் டிவி 60-ல் இருந்தால் பக்கவாட்டில் ஓடுகிற காட்சிகள் லேசாகத் துள்ளும். டிவி 50 ஹெர்ட்ஸை ஏற்றுக்கொண்டால் அதையும் மாற்றிவிடுங்கள்.

12 ஆகஸ்ட் 2024

வைத்துப் பார்த்தாராம். "ஆமா இதுதான்" என்று ஒரே வரி. இந்த இழையில் எனக்குப் பிடித்த வரி.

1 செப்டம்பர் 2024

முஸ்தபா ஓடவில்லை என்று ஒரு மதுரைக்காரர். கடையில் ஆடிய கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்தான், காப்காம், 1993. மஞ்சள் தொப்பி போட்ட முஸ்தபாவையே எல்லாரும் எடுத்ததால் நம் ஊரில் கேமுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கோப்பு இருக்கிறது, எமுலேட்டர் இருக்கிறது, திரை கறுப்பு.

ஆர்கேட் கேமில், அதாவது கடையில் காசு கொடுத்து ஆடிய கேமில், எல்லாருக்கும் வருகிற தொல்லை இது. கேசட் கேம் ஒரே கோப்பு, அந்தக் கருவிக்கான எந்த எமுலேட்டரிலும் அநேகமாக ஓடும். ஆர்கேட் கேம் என்பது ஒரு போர்டில் இருந்த பல சிப்புகளின் கட்டு. எந்தச் சிப் எந்தப் பெயரில் இருக்க வேண்டும் என்பது மேம் என்கிற ஆர்கேட் எமுலேட்டரில் பதிப்புக்குப் பதிப்பு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மேம் 2003 பிளஸ் கோருக்கான கட்டு ஃபைனல்பர்ன் நியோ என்கிற கோரில் ஓடாமல் போகலாம். கோரை மாற்றிப் பாருங்கள், கோப்பை மாற்றாதீர்கள், ஜிப்பைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

கோப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. சொந்த டிஸ்கில் இருந்து எடுத்துக்கொள்வதும், புதிதாக யாராவது எழுதி விற்கிற எட்டு பிட் கேமை வாங்குவதும் நல்லது. இந்த முஸ்தபா விஷயத்தில் கொடுமை என்னவென்றால் இது ஒரு அமெரிக்கக் காமிக்ஸின் உரிமம் பெற்றுச் செய்தது, அதனாலேயே காப்காம் பழைய கேம்களைத் தொகுத்துத் தொகுத்து விற்கும்போதும் இது அதில் வருவதில்லை. காசு கொடுக்கத் தயாராக இருப்பவனுக்கும் கடை இல்லை.

15 செப்டம்பர் 2024

பொத்தான் தாமதம். இதைப் பெட்டி மேல் பழிபோடும் முன் டிவியைப் பாருங்கள். படத்தை அழகாக்குகிற வேலைகளை டிவி செய்துகொண்டிருந்தால் 100 மில்லிநொடிகூடப் போய்விடும், அதாவது 60 ஹெர்ட்ஸில் ஆறு படம் (ஃபிரேம்). டிவி மெனுவில் கேம் மோடு இருந்தால் போடுங்கள். இல்லாத டிவியில் எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை பிசி என்று மாற்றினால் சில மாடல்கள் அந்த அழகு வேலைகளை நிறுத்திவிடும். அதன் பின்னும் தாமதம் இருந்தால் ரெட்ரோஆர்க்கில் ரன் அஹெட் (தாமதத்தைக் குறைக்கிற வசதி) ஒரு படம் வைத்துப் பாருங்கள், பலமில்லாத பெட்டியில் வைத்தால் திக்கும்.

ப்ளூடூத் கேம்பேட் இடையிடையே செத்துப் பிழைத்தால்: யூஎஸ்பி 3 துளையில் ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா? அதில் இருந்து வருகிற மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும், ப்ளூடூத்தும் வயர்லெஸ் டாங்கிளும் அங்கேதான் பேசுகின்றன. டாங்கிளை ஒரு அடி நீள எக்ஸ்டென்ஷன் வயரில் தள்ளிவைத்தால் சரியாகிவிடும். என்னைக் கேட்டால் வயர் வைத்த யூஎஸ்பி கேம்பேடே போதும். தாமதம் இல்லை, சார்ஜ் இல்லை, கோபத்தில் தூக்கியெறிந்தாலும் வயர் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

16 செப்டம்பர் 2024

கேம்பேடுக்குக் கொடுக்கிற காசில் கஞ்சத்தனம் வேண்டாம். திசைப் பொத்தான் மட்டமாக இருந்தால் சண்டை கேமில் அதைக் கால்பங்கு வட்டமாகச் சுழற்றும்போது ஆள் தானாகக் குதிப்பான்.

3 நவம்பர் 2024

தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போனால் பையன் கையில் வேறு கருவி, ஆர்36எஸ் என்கிற கையடக்கக் கேம் கருவி. ஆர்கே3326 சிப், 1 ஜிபி ராம், 640க்கு 480 திரை, பிளேஸ்டேஷன் ஒன்று வரை பிரமாதம். இதை ஏன் இந்த இழையில் யாரும் பேசவில்லை? ஏனென்றால் டிவியில் மாட்ட அதில் எச்டிஎம்ஐ கிடையாது. கையடக்கமும் வேண்டும், டிவியும் வேண்டும் என்றால் ஆன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் வகையில் மினி எச்டிஎம்ஐ உண்டு. எது வாங்கினாலும் கூட வருகிற மெமரி கார்டை நம்பாதீர்கள், முதல் வேலையாக நல்ல கார்டு ஒன்றுக்கு நகல் எடுத்துவிடுங்கள்.

கார்டு என்றதும் ஞாபகம் வருகிறது. நடைபாதைக் கடையில் 256 ஜிபி என்று வாங்கியது நிரப்ப நிரப்ப வாங்கிக்கொண்டே இருக்கும், திரும்ப எடுக்கும்போதுதான் பாதிக்கு மேல் ஒன்றும் இல்லை என்று தெரியும். கார்டின் உண்மை அளவைச் சோதிக்க விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3, இரண்டும் இலவசம். வாங்கிய அன்றே ஓட்டிப் பாருங்கள்.

4 நவம்பர் 2024

கரண்ட் போகிற ஊர்க்காரர்களுக்கு: லாக்கா (கேமுக்கான சிஸ்டம்), லிப்ரெஎலெக் (கோடிக்கான சிஸ்டம்) இரண்டும் சிஸ்டம் பகுதியைப் படிக்க மட்டும் என்று வைத்திருப்பதால் திடீரென்று நின்றாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். முழு லினக்ஸ் மேல் போட்ட ரெட்ரோபை என்கிற கேம் தொகுப்பு கொஞ்சம் நோஞ்சான். லேப்டாப்பில் பேட்டரி பத்து நிமிடம் தாங்கினால்கூட அதுதான் உங்கள் யூபிஎஸ், பிடுங்கி எறியாதீர்கள். உப்பியிருந்தால் மட்டும் உடனே எடுத்துவிடுங்கள்.

19 ஜனவரி 2025

கோடியில் தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வருகிறது என்கிறார் யாழ்ப்பாணத்தில் இருந்து ஒருவர். ஸ்கின் (கோடியின் தோற்றம்) அமைப்பில் எழுத்துருவை ஏரியல் வகைக்கு மாற்றிப் பாருங்கள், அதற்கும் வரவில்லை என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் கோப்பை கோடியின் எழுத்துரு அடைவில் போட்டு சப்டைட்டிலுக்கு அதைத் தேர்ந்தெடுங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றால் உங்கள் கோடி பழையது, புதிய பதிப்பு போடுங்கள். சப்டைட்டில் கோப்பு யூடிஎஃப்-8-ல் சேமித்ததா என்றும் பாருங்கள், சிலர் இன்னும் பழைய குறியாக்கத்தில் செய்து போடுகிறார்கள்.

2 மார்ச் 2025

ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆனபின், சான்றிதழ் இல்லாத பெட்டி வைத்திருக்கிற இருவருக்கு ஆப் திறக்கவே மாட்டேன் என்கிறதாம். எந்தெந்தப் பெட்டி என்று பட்டியல் போடச் சொல்கிறார்கள். போட்டுப் பயனில்லை, இன்றைக்கு ஓடுவது நாளைக்கு நிற்கும், முடிவு அவர்கள் கையில்.

8 ஜூன் 2025

இந்த வாரம் அமெரிக்க எஃப்பிஐ-யே பேட்பாக்ஸ் 2.0 பற்றி எச்சரிக்கை விட்டிருக்கிறது, மேலே சொன்ன மலிவு ஆண்ட்ராய்டுப் பெட்டி வகைகளைக் குறிப்பிட்டே. போன டிசம்பரில் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அமைப்பான பிஎஸ்ஐ, தன் நாட்டில் முப்பதாயிரம் வரையிலான கருவிகள் பேட்பாக்ஸ் மோசடிக் கூட்டத்தோடு பேசுவதைத் துண்டித்தது. இரண்டாயிரத்துச் சில்லறை விளம்பரம் இன்னும் ஓடுகிறது, இப்போது ஆண்ட்ராய்டு 14 என்று போட்டிருக்கிறார்கள்.

ஏற்கெனவே அப்படி ஒன்று வீட்டில் இருந்து, தூக்கியெறிய மனசு வரவில்லை என்று எழுதியவருக்கு: ரவுட்டரில் விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று உண்டு, அதில் மாட்டினால் வீட்டில் உள்ள மற்ற கருவிகளை அது பார்க்க முடியாது. ஆனால் உங்கள் ஐபி-யை வாடகைக்கு விடுவதை அது தடுக்காது. இணையமே கொடுக்காமல் பென்டிரைவில் படம் மட்டும் பார்ப்பதென்றால் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் லேப்டாப்பே மேல்.